நோயின் பெயர் அப்புறம், முதலில் அசைவின் பெயர்

அசைவுக் கோளாறு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய புதிதில், அவர்கள் உள்ளே வந்ததும் நான் கேட்டது எம்.ஆர்.ஐ. படத்தைத்தான். ஒருநாள் அப்படித்தான் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அசைவை ஒழுங்குபடுத்தும் மூளையின் ஆழ்பகுதியான பேசல் கேங்லியாவில் ஏதாவது தெரிகிறதா என்று துழாவிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் இருந்த பெரியவரின் வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல்மேல் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. கூட வந்த மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், இந்தக் கைதான்" என்று தொட்டுக் காட்டினார். படத்தில் ஒன்றும் இல்லை. பார்க்கின்சன் நோயில் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் கையில் இருந்தது ஆறு பேரின் கதை. அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. இந்தத் துறையின் முதல் பாடம் அதுதான் என்று நினைக்கிறேன். நரம்பியல் பயிற்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பொது மருத்துவம் பார்க்கையில் இப்படிப்பட்டவர்களைச் சந்திப்பவர்களுக்கும், நான் தட்டுத் தடுமாறிக் கற்ற வரிசையை இங்கே சொல்கிறேன்.

படி 1: கதவிலிருந்து நாற்காலி வரை

முடிந்தால் எழுந்துபோய் நோயாளியை நீங்களே கூட்டிவாருங்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் நடக்கிற அந்தப் பத்தடி, பிறகு "நடந்து காட்டுங்கள்" என்று கேட்டு வாங்கும் நடையைவிட உண்மையானது. எந்தக் கை வீசவில்லை? கால்களை அகட்டி வைக்கிறாரா, ஒட்டி வைக்கிறாரா? திரும்புவதற்கு எத்தனை எட்டு எடுக்கிறார்? நாற்காலியில் உட்காருகிறாரா, பொத்தென்று விழுகிறாரா? பேசும்போது கண் எத்தனை முறை இமைக்கிறது?

அடுத்து அவர் சொல்லும் சொல். 'நடுக்கம்' என்று சொல்லி வருகிற எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை. தூக்கித் தூக்கிப் போடுவது, விரல் மடங்கி இழுத்துக்கொள்வது, பலவீனத்தில் கை தளர்வது, சில சமயம் வெறும் படபடப்பு, எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிடும். 'உதறல்' என்றாலும் அதே கதைதான். அதனால் செய்து காட்டச் சொல்லுங்கள். வீட்டாரைச் செய்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. இரவு பகலாகக் கூடவே இருந்து பார்த்தவர்கள், அப்படியே நடித்துக் காட்டிவிடுவார்கள். வந்து வந்து போகிற அசைவு என்றால் கைபேசியில் படம் பிடித்து வரச் சொல்லுங்கள். நீங்களே படம் பிடிப்பதானால் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதை உங்கள் சொந்தக் கைபேசியில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.

வாசனை தெரிகிறதா, மலச்சிக்கல் எப்போதிலிருந்து, தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசுவது உண்டா என்றும் கேளுங்கள். பார்க்கின்சன் நோயில் இவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கலாம். கடைசிக் கேள்விக்கு நோயாளியிடம் பதில் இருக்காது. பக்கத்தில் படுத்து உதை வாங்கியவரைக் கேட்க வேண்டும்.

படி 2: அசைவுக்குப் பெயர் வைப்பது

இங்கேதான் நிறைய நேரம் போக வேண்டும். அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டினால் பின்னால் செய்வதெல்லாம் பிசகும்.

முதல் கேள்வி எளிது: அசைவு குறைந்திருக்கிறதா, மிகுந்திருக்கிறதா? குறைவு என்றால் பார்க்கின்சன் வகை. மிகை என்றால் அது ஒரே தாளத்தில் வருகிறதா என்று பாருங்கள். தாளம் இருந்தால் நடுக்கம். வெட்டினாற்போல் கண நேரத்தில் வந்து போனால் மயோக்ளோனஸ். ஓரிடத்தில் நில்லாமல் விரலிலிருந்து தோளுக்கும் முகத்துக்கும், எப்போது எங்கே என்று சொல்ல முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால் கொரியா. ஒரே பாணியில் முறுக்கி இழுத்துக் கோணலாகப் பிடித்து வைத்தால் டிஸ்டோனியா. செய்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் முன்னால் வந்து, கொஞ்ச நேரம் அடக்கிவைக்கவும் முடிந்து, செய்து முடித்ததும் ஆறுதல் கிடைத்தால் டிக். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று கலந்தும் இருக்கும். எது ஓங்கி நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள்.

நடுக்கத்தை மூன்று நிலைகளில் பாருங்கள்: ஓய்வில், கையை நீட்டிப் பிடிக்கையில், வேலை செய்கையில். ஓய்வு என்றால் உண்மையாகவே ஓய்வு. கைகள் மடியில் தளர்ந்து கிடக்கட்டும். பிறகு 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒளிந்திருக்கும் நடுக்கம் கணக்குப் போடும்போது வெளியே வந்துவிடும். பார்க்கின்சன் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 முறை வரை இருக்கும். கையை நீட்டியதும் அது நின்றுவிடும். நின்றது என்று நீங்கள் கண்ணை எடுத்தால் தவறிவிடுவீர்கள், சில விநாடி கழித்து அது திரும்பி வரும். எசென்ஷியல் நடுக்கத்தில் (வேறு நோயின் விளைவாக இல்லாமல் தனியாக வரும் நடுக்கம்) கை நீட்டிய உடனேயே ஆட்டம் தெரியும், இரண்டு கையிலும் தெரியும். ஒரு டம்ளர் நீரை இன்னொன்றில் ஊற்றச் சொல்லுங்கள். தாளில் கையை ஊன்றாமல் சுருள் வரையச் சொல்லுங்கள். அந்தச் சுருளைத் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்; ஆறு மாதம் கழித்து எந்த ஸ்கேனும் தராத ஒப்பீட்டை அது தரும்.

அடுத்து அசைவு மந்தம். பார்க்கின்சன் வகைக் கோளாறு என்று சொல்ல இது இருந்தே ஆக வேண்டும். கூடவே ஓய்வு நடுக்கமோ விறைப்போ இரண்டுமோ இருக்க வேண்டும். புதியவர்கள் தவறு செய்வது இங்கேதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தட்டச் சொல்கிறோம். நான்கு தட்டு பார்த்துவிட்டு "சரி, போதும்" என்கிறோம். போதாது. பத்துப் பதினைந்து தட்டாவது வேண்டும். வெறுமனே மெதுவாகத் தட்டுவது எதிலும் வரும்: மூட்டுவலி, பக்கவாதம், சோர்வு. இங்கே நாம் தேடுவது தேய்மானத்தை. முதல் தட்டில் விரல்கள் அகலமாகத் திறக்கும், ஐந்தாவதில் கொஞ்சம் குறையும், எட்டாவதில் பாதியாகும், பன்னிரண்டாவதில் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டு துடிக்கும், நடுவில் ஒருமுறை தயங்கி நிற்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. கையை மூடித் திறப்பது, உள்ளங்கையைப் புரட்டுவது, குதிகால் ஊன்றி முன்பாதத்தைத் தட்டுவது என்று இதே கண்ணோடு தொடருங்கள்.

விறைப்புக்கு மணிக்கட்டை மெதுவாக அசைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மறு கையை மூடித் திறக்கச் சொல்லுங்கள், ஒளிந்திருக்கும் விறைப்பு தெரியும். வேகமாக இழுத்தால் மட்டும் பிடிக்கிறது என்றால் அது ஸ்பாஸ்டிசிட்டி (பக்கவாதத்தில் வருவது போன்ற இறுக்கம்), கதையே வேறு.

கொரியா உள்ளவரைப் பார்த்தால் முதலில் துறுதுறுப்பான ஆள் போலத்தான் தோன்றும். தானாக வரும் அசைவை அவரே தலை கோதுவதுபோல், சட்டையைச் சரிசெய்வதுபோல் மாற்றி மறைத்துவிடுவார். நாக்கை நீட்டிப் பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். பாம்புபோல் உள்ளே போய்விடும். உங்கள் இரண்டு விரலைப் பிடிக்கச் சொல்லுங்கள். பால் கறப்பதுபோல் பிடி இறுகியும் தளர்ந்தும் வரும்.

டிஸ்டோனியாவில் ஒரு விநோதம் உண்டு. கழுத்து ஒரு பக்கம் திருகி நிற்பவர் தாடையை ஒரு விரலால் லேசாகத் தொட்டால் கழுத்து நேராகும். தள்ளித் திருப்புவதில்லை, வெறும் தொடுதல்தான். இது தெரியாதவர்கள் 'நடிக்கிறார்' என்று எழுதிவிடுகிறார்கள். எழுதும்போது மட்டும் கை கோணிக்கொண்டு, அதே கையால் பொத்தான் போட முடிகிறவர்களையும் அப்படித்தான் விரட்டியிருக்கிறோம்.

மயோக்ளோனஸில் உதறுவது மட்டும் சேர்த்தி இல்லை, கண நேரம் பிடி விட்டுப் போவதும் சேர்த்திதான். கையை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொன்னால் கை திடீர் திடீரென்று சாயும். அதைக் கண்டால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் முதலில் பாருங்கள்.

கடைசியாக எழுதும் குறிப்பு. 'வலது கை நடுக்கம், பார்க்கின்சன்?' என்று எழுதுவதை விடுங்கள். இப்படி எழுதிப் பழகுங்கள்: 'வலது கையில் ஓய்வு நடுக்கம், கை நீட்டியதும் நின்று சில விநாடியில் திரும்புகிறது. வலது விரல் தட்டல் எட்டாவதிலிருந்து தேய்கிறது. வலது மணிக்கட்டில் விறைப்பு. நடக்கையில் வலது கை வீசவில்லை. இடது பக்கம் இயல்பு.' நோயின் பெயரே இதில் இல்லை. ஆனால் படிக்கிற யாருக்கும் சந்தேகமும் இருக்காது.

படி 3: மருந்துச் சீட்டு

இதை நான் பட்டுத்தான் கற்றேன். அறுபது தாண்டிய ஓர் அம்மாவுக்குப் பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா தொடங்கி, இரண்டு முறை அளவையும் உயர்த்தினேன். மூன்றாவது முறை வந்தபோது கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். அதில் தலைசுற்றலுக்கு யாரோ கொடுத்த சின்னரிசின், ஒன்றரை ஆண்டாக நாள் தவறாமல். "தலைசுத்தல் மாத்திரைதானே, அதையும் சொல்லணுமா டாக்டர்?" என்றார். சொல்லியிருக்க வேண்டியதில்லை, நான் கேட்டிருக்க வேண்டும். அதை நிறுத்தியபின் சில மாதங்களில் கை வீசி நடந்தார்.

வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின். தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் சின்னரிசின், புளூனரிசின். ஹாலோபெரிடால் போன்ற மனநல மருந்துகள் எல்லாம் பார்க்கின்சன்போலவே ஒன்றைக் கொண்டுவரும். வால்புரோயேட், லித்தியம், சால்புட்டமால் நடுக்கம் தரும். நீண்ட நாள் டோபமைன் (அசைவுக்கு வேண்டிய மூளை வேதிப்பொருள்) தடுப்பு மருந்து எடுத்தவர்களிடம் வாயும் நாக்கும் மென்றுகொண்டே இருப்பதைப் பார்க்கலாம். அது மருந்தை நிறுத்தியபின்னும் தொடரக்கூடும். 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால் பாதிதான் வரும். எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் முதலில் பேசுங்கள்.

படி 4: வயது, வேகம், கூட வருபவை

அசைவுக்குப் பெயர் வைத்தாயிற்று, மருந்து காரணம் இல்லை என்றும் தெரிந்தாயிற்று. இப்போதுதான் நோயின் பெயருக்கு வருகிறோம்.

ஐம்பதுக்குக் கீழே எந்த அசைவுக் கோளாறு வந்தாலும் வில்சன் நோயை நினைக்காமல் கோப்பை மூடாதீர்கள். 1912-இல் கின்னியர் வில்சன் விவரித்த இந்தச் செப்புத் தேக்க நோய் நடுக்கமாக வரும், டிஸ்டோனியாவாக வரும், குழறும் பேச்சாகவும் படிப்பில் திடீர்ச் சரிவாகவும்கூட வரும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கும் புரதம்), 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை, மூன்றும் எங்கும் செய்யக்கூடியவை. தவறவிட்டால் உயிர் போகும், பிடித்தால் சிகிச்சை உண்டு. செம்பை வெளியேற்றும் பென்சிலமின் தொடங்கினால் முதலில் நரம்புத் தொல்லை கூடலாம் என்பதால் மெதுவாக உயர்த்த வேண்டும். உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க மறக்காதீர்கள்.

குழந்தைக்குக் காலில் டிஸ்டோனியா, காலையில் ஓடியாடி மாலையில் நடக்க முடியாமல் போகிறது என்றால் குறைந்த அளவு லெவோடோபா கொடுத்துப் பாருங்கள். பெருமூளை வாதம் என்று சக்கர நாற்காலியில் இருந்த சிலர் எழுந்து நடந்த கதைகள், லெவோடோபாவுக்குக் கேட்கும் இந்த டிஸ்டோனியாவில் உண்மையானவை.

பள்ளி வயதில் கொரியா என்றால் தொண்டைத் தொற்றும் ருமாட்டிக் காய்ச்சலும் நினைவுக்கு வர வேண்டும். இதயத்தைக் கேட்டு, எக்கோ எடுத்து, பெனிசிலின் தடுப்பும் தொடங்க வேண்டும். முதியவருக்கு ஒரே நாளில் ஒரு பக்கக் கை காலில் கொரியா வந்தால் விரல் நுனியில் சர்க்கரையைப் பாருங்கள். பக்கவாதத்துக்கும் சேர்த்துப் பாருங்கள். குடும்பத்தில் அப்பா, பாட்டி என்று வரிசையாகக் கொரியாவும் குண மாற்றமும் இருந்தால் ஹண்டிங்டன். 1993-இல் கண்டறிந்த அந்த மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துக் குறி திரும்பத் திரும்ப வரும் அடுக்கு 40-ஐத் தொட்டால் நோய் வந்தே தீரும். அதனால் இந்தப் பரிசோதனையை மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு என்ற செய்தியும் அந்த ஒரு தாளில்தான் வருகிறது. முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

பார்க்கின்சன் என்று நினைத்தவரிடம் ஏதோ பொருந்தாமல் உறுத்தினால் அந்த உறுத்தலை மதியுங்கள். முதல் ஆண்டிலேயே பின்னால் சாய்ந்து விழுகிறார், கீழே பார்க்கக் கண் இறங்கவில்லை என்றால் பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சூப்பராநியூக்ளியர் பால்சி). எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீர் அடங்கவில்லை என்றால் எம்.எஸ்.ஏ. (மல்டிபிள் சிஸ்டம் அட்ரபி). தொடக்கத்திலேயே மறதியும், இல்லாத ஆட்கள் தெரிவதும் என்றால் லூயி பாடி மறதிநோய். அவருக்கு ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிடாதீர்கள், மிக மோசமாகப் போகும். கால் மட்டும் தரையில் ஒட்டிக்கொள்கிறது, கூடவே சிறுநீர், மறதி என்றால் மூளையில் நீர்த் தேக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே உதவும் இடம் இதுதான்.

மூளையின் டோபமைன் நரம்பு முனைகளைக் காட்டும் டாட் ஸ்கேன் பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எசென்ஷியல் நடுக்கத்தையும் பார்க்கின்சனையும் அது பிரித்துக் காட்டும். பார்க்கின்சனையும் பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ.யையும் பிரிக்காது. விரல் தட்டலைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

இன்னொரு பிரிவு உண்டு: செயல்பாட்டு அசைவுக் கோளாறு. 'எல்லாப் பரிசோதனையும் சரி, அதனால் மனசுதான்' என்று இதற்குப் போகக் கூடாது. நேரடி அடையாளங்கள் வேண்டும். மறு கையால் நீங்கள் தட்டும் தாளத்தைப் பின்பற்றச் சொன்னால் நடுக்கம் அந்தத் தாளத்துக்கு மாறும், அல்லது நின்றுபோகும். அதை நோயாளிக்கே காட்டுங்கள்: "பாருங்கள், நரம்பு அறுந்துபோகவில்லை, சைகை தடம் மாறிப் போகிறது, திரும்பப் பழக்கலாம்." 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு ஏதோ இருக்கிறது, அதனால்தான் வந்திருக்கிறார்.

படி 5: சிகிச்சை

முதலில் 'இதனால் எந்த வேலை நின்றுபோயிருக்கிறது?' என்று கேளுங்கள். ஒன்றும் நிற்கவில்லை என்றால் எசென்ஷியல் நடுக்கத்துக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். தேவை என்றால் புரோப்ரனலால் அல்லது பிரிமிடோன். புரோப்ரனலால் எழுதும் முன் ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்து டிஸ்டோனியாவுக்கும் கண் இமை டிஸ்டோனியாவுக்கும் போட்டுலினம் ஊசிதான் முதல் தேர்வு. மூன்று நான்கு மாதத்தில் அதன் பலன் தேயும், திரும்பப் போட வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் 'ஊசி தோற்றுவிட்டது' என்று கோபத்தோடு வரமாட்டார்கள்.

பார்க்கின்சனுக்கு லெவோடோபாவை விஞ்சிய மருந்து இன்றுவரை இல்லை. 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் குழு அதன் பலனைக் காட்டியது, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பெரிய அளவுக்குப் போனதால்தான். அந்தப் பொறுமை இப்போதும் வேண்டும். 100/25 மாத்திரையில் (லெவோடோபா 100, அதன் துணை மருந்தான கார்பிடோபா 25 மில்லிகிராம்) அரை, தினம் மூன்று வேளை என்று தொடங்கி வாரக்கணக்கில் உயர்த்தலாம். கார்பிடோபா நாளுக்கு 75 மில்லிகிராமாவது சேரவில்லை என்றால் குமட்டும். வாந்திக்கு டோம்பெரிடோன் தரலாம், இதயத் துடிப்பில் கோளாறு இல்லை என்று பார்த்துக்கொண்டு. மெட்டோகுளோப்ரமைடு கூடவே கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு மாத்திரை. புரதம் அதன் உறிஞ்சலோடு போட்டிபோடும். நாளுக்கு 600 மில்லிகிராமாவது போதிய காலம் கொடுத்துப் பார்க்காமல் 'மருந்து கேட்கவில்லை' என்று எழுதாதீர்கள்.

டோபமைன்போல் வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் எழுதினால் சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, அடங்காத பாலுணர்வு பற்றி ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்காவிட்டால் அவராகச் சொல்லமாட்டார், மருந்துதான் காரணம் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. முதியவருக்கு டிரைஹெக்ஸிபெனிடில் தந்தால் நடுக்கம் குறைந்து புத்தி குழம்பும், நான் தவிர்த்துவிடுவேன்.

மூளைக்குள் மின்முனை வைக்கும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்கு எல்லோரும் ஏற்றவர்கள் இல்லை. மருந்துக்கு எது நன்றாகக் கேட்கிறதோ அதுதான் மின்முனைக்கும் கேட்கும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு.

அவசரங்கள்

இளைஞர் ஒருவருக்கு வாந்திக்கு ஊசி போட்ட சில மணி நேரத்தில் கண் மேலே செருகி, கழுத்து திருகி, நாக்கு வெளியே தள்ளுகிறது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. வலிப்பு இல்லை, நாடகமும் இல்லை. புரோமெத்தசின் போன்ற ஆன்டிகோலினெர்ஜிக் ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். திரும்பி வராமலிருக்கச் சில நாள் மாத்திரையும் கொடுத்தனுப்புங்கள்.

காய்ச்சல், இரும்புபோல் விறைப்பு, குழப்பம் மூன்றும் சேர்ந்தால் இரண்டே கேள்வி: மனநல மருந்து புதிதாகச் சேர்ந்ததா, பார்க்கின்சன் மருந்து திடீரென்று நின்றதா? இரண்டாவது அனேகமாக மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. அறுவைக்கு முன் 'வாய்வழி எதுவும் கூடாது' என்று எழுதும்போது லெவோடோபாவும் அதோடு போய்விடுகிறது. மூக்குக் குழாய் வழியாகவாவது கொடுக்கச் சொல்லி, நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். வார்டின் மருந்து வண்டி எட்டு மணிக்கு வரும், அவர் கை ஏழு மணிக்கே உறைந்திருக்கும்.

மறுமுறை வரும்போது

'எப்படி இருக்கிறது?' என்றால் 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும். அதை வைத்து அளவை மாற்ற முடியாது. ஒரு தாளில் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை மணிக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள். நன்றாக நடந்தால் 1, உறைந்திருந்தால் 2, தன்பாட்டுக்கு ஆடினால் 3, மாத்திரை போட்ட மணிக்கு ஒரு வட்டம். மூன்று நாள் போதும். வட்டத்துக்கு முந்தைய கட்டங்களில் 2 வரிசையாக நின்றால் மாத்திரை அடுத்த வேளைவரை தாங்கவில்லை, இடைவெளியைக் குறையுங்கள். வட்டத்துக்கு ஒரு மணி கழித்து 3 வந்தால் ஒரு வேளையின் அளவு கூடுதல். எண் எழுதக் கை வராதவருக்கு வீட்டார் எழுதட்டும். கை வருகிறவர் தானே எழுதினால் எழுத்து எந்த மணிக்குச் சிறுத்துக்கொண்டே போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.